ஆஹோம் ஏட்டின் ஒரு ‘த்’துக்காக

அசாமில் ஆஹோம் சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்களுக்கும் கற்பிக்கிற ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சாஞ்சி மரப்பட்டை ஏட்டில் எழுதியவர் எந்த எழுத்தை எழுதினாரோ, அதையே அச்சில் தாருங்கள். ஆஹோமைப் போலவே தை குடும்பத்தைச் சேர்ந்த உறவு மொழிகளான ஷான் மொழியையோ தாய்லாந்து மொழியையோ பார்த்துத் திருத்திவிடாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று விளக்க ஒரு சொல் போதும். புரஞ்சிகள் என்னும் ஆஹோம் வரலாற்று ஏடுகளில் ஆண்டைக் குறிக்கும் லாக்னி முறையில் பன்னிரண்டு பெயர்கள் சுழன்று வருகின்றன. அவை சீனத்திலிருந்து வந்தவை. எட்டாவது பெயர் ‘முத்’. சீனர்களுக்கு அது ஆட்டு ஆண்டு; 2027இல் மறுபடி வருகிறது. ஆனால் இன்றைய சீனப் பொதுமொழியில் அதை ‘வெய்’ என்கிறார்கள், கான்டனில் ‘மெய்’. கடைசியில் நிற்க வேண்டிய ‘த்’ எங்கே? கி.பி. 601இல் தொகுத்த சியேயுன் என்ற சீன ஒலி அகராதியிலேயே அது இல்லை. அதற்கும் முந்தைய சீனத்தில் அங்கே ஒரு பல்லொலி இருந்திருக்க வேண்டும் என்று சுவீடன் அறிஞர் கார்ல்கிரென் கணித்தார். 1945இல் மொழியியலாளர் லி ஃபாங்குய் தை மொழிகளில் உள்ள இந்தப் பெயர்களை அடுக்கி வைத்து ஒப்பிட்டார். ஆஹோமில் முத், யுன்னானின் லூ மொழியில் மெத். சீனம் தொலைத்த மெய்யெழுத்து, 1228இல் பட்கை மலை தாண்டி அசாமுக்கு வந்த ஆஹோம் மக்களின் ஏட்டில் அப்படியே இருக்கிறது. முதன்முறை ‘முத்’ என்று வாய்விட்டுப் படித்து, நாக்கு பல்லில் முட்டி நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இரண்டாவது பெயரையும் பாருங்கள். ஆஹோமில் ‘ப்லாவ்’, லூ மொழியில் ‘பாவ்’. உறவு மொழியில் ‘ல்’ இல்லையே, எழுதியவர் பிழை செய்திருப்பார் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை நீக்கிவிட்டால் போதும். தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நின்றன என்பதற்கான சாட்சி ஒன்று போய்விடும். பத்தாவது பெயரான ‘ராவ்’ சீனத்தில் இன்று ‘யோவ்’. அந்த ‘ர்’ரும் பழைய ஒலிக்கு அப்படிப்பட்ட சாட்சிதான்.

உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கமான தொனியை ஆஹோம் எழுத்து காட்டுவதில்லை, ஒரே எழுத்துக்கோவையைப் பலவிதமாகப் படிக்க முடியும், பேச்சும் மறைந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. பொருள் காண உறவு மொழிகளைத் தேடித்தான் ஆக வேண்டும். அந்த ஒப்பீடு அடிக்குறிப்பில் இருக்கட்டும், மூலத்தில் வேண்டாம். பாடபேதம் இருந்தால் இரண்டையும் கொடுங்கள். தேவ்தாய், பைலுங் என்னும் ஆஹோம் பூசாரிக் குடும்பத்துப் பெரியவர்கள் ஓதும் உச்சரிப்பு ஏட்டிலிருந்து மாறுபட்டால், அதையும் தனி வரியில் பதியுங்கள். மாணவர் கையில் போகும் பாடநூலிலும் ‘ப்லாவ்’ என்பது ‘ப்லாவ்’ என்றே இருக்கட்டும்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர்