நீலத் தண்ணீரும் சேற்றுப் புழுவும்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கொலுசுக்கு அளவு அனுப்பவா என்று கேட்டிருக்கிறாய். பச்சைக் குழந்தைக்கு அளவாவது ஒன்றாவது! தண்டையாகச் செய்து அனுப்புகிறேன்.

அப்புறம், நீ எழுதிய இன்னொரு விஷயம் ரெண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வடிந்த நேரம் சேற்றைக் கிளறினால் ஒரு கைக்குப் பத்துப் புழு வருகிறது, அதனால் சேறு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாய். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

அப்பாவின் பட்டறை ஞாபகம் இருக்கிறதா? பற்றவைத்த கொலுசின் கறை போக, கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் போடுவார். முதல் நாள் வெறும் தண்ணீராட்டம் இருக்கும். போகப்போக மயில்கழுத்து நீலமாகிவிடும். ஏழாம் வகுப்பில் நீ அதை இங்க் என்று நினைத்துப் பேனாவில் ஊற்றப் போய் அப்பாவிடம் குட்டு வாங்கினாய். வெள்ளியில் கலந்திருக்கும் தாமிரம் கரைந்து மயில்துத்தமாக நிற்பதுதான் அந்த நீலம். நிறம் முற்றியதும் வாசல் சாக்கடையில் கவிழ்த்துவிடுவோம். சாக்கடை மண்ணை வெள்ளித் தூளுக்காக அரித்துப் போக ஆள் வரும். தாமிரத்துக்கு ஒருத்தரும் வந்ததில்லை.

அந்தச் சாக்கடை போய்ச் சேருவது திருமணிமுத்தாற்றில். சேர்வராயன் மலையில் பிறந்து, ஊரைக் கடந்து, நாமக்கல் பக்கம் காவிரியில் விழுகிற ஆறு. ஆத்தூர் வழியாகப் போகும் வசிட்ட நதியோ நேராக உன் வெள்ளாற்றிலேயே கலக்கிறது. நாங்கள் கொட்டியதெல்லாம் கடல் வரை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நிறைய வழியிலேயே ஏரிச் சேற்றில் அமர்ந்திருக்கும். ஆனால் எந்த ஆறாக இருந்தாலும், வந்து சேருகிற மிச்சம் முகத்துவாரத்தில் இறங்கிவிடும். உப்புத் தண்ணீர் பட்டதும், மிதந்து வரும் களிமண் தூள் பால் திரிவது போலத் திரண்டு கீழே படியும். உலோகம் ஒட்டிக்கொண்டு வருவது அந்தத் தூளில்தான்.

ஒருநாள் அந்தச் சேற்றைக் கத்தியால் அல்வாத் துண்டு மாதிரி வெட்டிப் பார். மேலே கொஞ்சம் பழுப்பு, கீழே கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். அந்தக் கறுப்பில் கந்தகம் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நடுவே துரு நிறத்தில் கோடுகள் இறங்கும். அவை புழு வளைகள். புழு உடம்பை நெளித்து நெளித்து மேல்தண்ணீரை உள்ளே இழுக்கிறது. காற்றோட்டம் பட்ட இடம் துருவேறுகிறது, பிடிபட்டிருந்த உலோகமும் கொஞ்சம் அவிழ்கிறது. மூச்சு விடுவதற்காகத் தன் வீட்டுச் சுவரிலிருந்தே விஷத்தைக் கரைத்துக்கொள்ளும் பிறவி!

அப்படியும் சாகாத புழு உண்டு. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் ரெஸ்ட்ராங்கெட் என்று ஒரு உப்பங்கழி. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத் தண்ணீர் இறங்கிச் சேறு முழுக்கத் தாமிரம். மற்ற இடத்துப் புழுவைக் கொல்லும் அளவை அந்த ஊர்ப் புழு தாங்குகிறது என்று பிரையன், ஹம்மர்ஸ்டோன் என்ற இருவர் 1971-லேயே எழுதிவிட்டார்கள்.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டது ஹட்சன் ஆற்றுக் கதை. நியூயார்க் பக்கம் ஃபவுண்ட்ரி கோவ் என்ற இடத்தில் ஒரு பேட்டரி ஆலை 1979 வரை கேட்மியத்தைக் கழியில் விட்டது. கேட்மியம் வேறொன்றுமில்லை, முன்பெல்லாம் நகைக்கடை போர்டில் கே.டி.எம். என்று போடுவார்களே, நகையைப் பற்றவைக்கிற அந்தப் பற்றாசுச் சரக்குதான். அங்கே இருந்தது நம் மண்புழுவுக்குத் தூரத்து உறவான நூல் போன்ற புழு. அது அந்த விஷத்துக்குப் பழகி, பழக்கத்தைக் குஞ்சுகளுக்கும் கொடுத்தது. கேட்மியத்தில் ஒரு பங்கை உடம்புக்குள்ளேயே குருணையாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. புழுவைத் தின்னும் இறாலுக்கு அந்தக் குருணை அவ்வளவாகச் செரிப்பதில்லை. மிச்சப் பங்கு இறாலுக்குப் போகும். (நீ இறால் வறுவலை நிறுத்தமாட்டாய், தெரியும்.)

1994-95-ல் சேற்றை வாரி அப்புறப்படுத்தினார்கள். சில வருஷத்திலேயே புழுக்களுக்கு அந்தத் தாங்கும் பலம் குறைந்துவிட்டது. விஷத்தோடு மல்லுக்கட்டுவதற்கு உடம்பு ஏதோ விலை கொடுத்துக்கொண்டிருந்தது போலும். விஷம் போனதும் அந்தச் செலவு வீண்.

அதனால்தான் சொல்கிறேன், புழு மொய்க்கிறது என்பதை வைத்துச் சேற்றுக்கு நற்சான்று கொடுக்காதே. எத்தனை என்று பார்க்காமல் எத்தனை வகை என்று பார். நத்தை, மட்டி, விதவிதமான புழு எல்லாம் கலந்து இருந்தால் எனக்கும் நிம்மதி. ஒரே வகை மட்டும் மண்டிக் கிடந்தால் சந்தேகப்படு. பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, ஒரு பாட்டில் சேற்றோடு போய்க் கேளேன்.

இங்கே நானும் சும்மா இல்லை. நீலத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. பிளாஸ்டிக் டிரம்மில் சேர்த்து, பழைய இரும்பு ஆணிகளைப் போட்டுவிடுவேன். ராத்திரியோடு ஆணி மேல் தாமிரம் செக்கச்செவேல் என்று படிந்திருக்கும். அப்புறம் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைப்பேன். அடியில் நிற்கும் வண்டல்தான் தலைவலி. மூட்டை கட்டி மூலையில் அடுக்கியிருக்கிறேன். எங்கே கொடுப்பது என்று கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. பதினொரு மூட்டை ஆகிவிட்டது.

தண்டை தை பிறப்பதற்குள் வந்துவிடும். கேட்மியம் இல்லாத பற்றாசுதான் வைக்கிறேன், குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் பயப்படாதே.

உன்,
சண்முகம்