கட்டத்துக்கு ஒரு லேபிள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பார்வையில்லாத என் நண்பர் இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் இருந்தேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் ஒவ்வொரு கட்டத்திலும் "எடிட், எடிட்" என்று மட்டும் சொன்னது, எது பெயர், எது பிறந்த தேதி என்று அவருக்குத் தெரியவே இல்லை. கட்டத்தின் பெயரைச் சொல்லும் லேபிளை நிரலில் எழுதவில்லை, அவ்வளவுதான் காரணம்! மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி (WCAG) விதிகள் 1999லேயே வந்துவிட்டன; சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று 2008ல் வந்த 2.0 பதிப்பு எண்ணோடு சொல்கிறது, ஆனாலும் வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து போடுவதை இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள். தளம் உருவாக்குபவர்களே, வெளியிடும் முன் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையாலேயே கட்டம் கட்டமாக நகர்ந்து உங்கள் படிவத்தை ஒருமுறை கடைசிவரை நிரப்பிப் பாருங்கள்.

- வாசகர் ஒருவர்