வின்செஸ்டரில் ஆசிரியப் பயிற்சி பெறும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. நீ பயிற்சிக்குப் போகும் வகுப்பில் 10 வயதுப் பையன் ஒருவன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான், தனக்குப் படிப்பு வராது என்று அவனே முடிவு கட்டிவிட்டான் என்றாய். உன் கல்லூரி வளாகத்துக்கே பெயர் கொடுத்த, ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தெற்கே ஆண்ட ஆல்ஃபிரட் ராஜாவின் கதையை அவனுக்குச் சொல். 12 வயது வரை, அதற்கு மேலும்கூட, அவருக்கு வாசிக்கத் தெரியாது. எதிரிகள் கட்டிவிட்ட கதை இல்லை இது. அவர் கூடவே இருந்த ஆசர் என்ற வேல்ஸ் பாதிரியார் எழுதி வைத்தது. லத்தீன் வாசிக்கத் தொடங்கியது 887-ல். பிறந்தது 849. வயதை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஆசர் சொல்வதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நீதிபதிகள் சங்கதி. நியாயம் சொல்ல உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் பலருக்கு எழுத்து வாசனையே கிடையாது. தீர்ப்பு கோணினால் ராஜா கூப்பிட்டு விசாரிப்பார். ஒன்று, படிக்க வேண்டும். இல்லை, பதவியை விட வேண்டும். பாவம், தலை நரைத்தவர்கள் முக்கி முனகிக்கொண்டு எழுத்துப் படித்தார்கள். அதுவும் முடியாத கிழவர்களுக்கு மகனோ சொந்தக்காரனோ, யாரும் இல்லாவிட்டால் வீட்டு அடிமையோ, இரவும் பகலும் வாசித்துக் காட்ட வேண்டும். அடிமைக்கு வாசிக்கத் தெரிகிறது, நீதிபதிக்குத் தெரியவில்லை! காலமெல்லாம் வகுப்பெடுத்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் அவருடைய பள்ளிக்கூடத் திட்டத்தில் அந்த அடிமையின் பிள்ளைக்கு இடமில்லை. சுதந்திரக் குடியில் பிறந்த, வசதியுள்ள பையன்கள் எல்லோரும் இங்கிலீஷ் வாசிக்கக் கற்க வேண்டும் என்றுதான் எழுதினார். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தான் பட்டத்துக்கு வந்தபோது தேம்ஸ் நதிக்குத் தெற்கே லத்தீன் தெரிந்த ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை என்று புலம்பியவரும் அவரேதான்.

மடம் கட்டுவதில் பாதி வெற்றி, பாதி கூத்து. ஷாஃப்ட்ஸ்பரியில் கன்னியர் மடம் அமைத்துத் தன் மகளையே தலைவியாக வைத்தார்; 1539 வரை அது நிலைத்தது. ஆதல்னியில் உள்ளூர்க்காரர் யாரும் துறவியாக வரவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார். வந்தவர்களில் இரண்டு பேர் மடத் தலைவரையே தீர்த்துக்கட்டப் பார்த்தார்கள்!

உங்கள் வின்செஸ்டரில் பழைய ஹைட் மடம் இருந்த இடத்துப் பூங்காவில் மூன்று கல் பலகைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோமே, அதுதான் ராஜா, ராணி, மகன் எட்வர்ட் மூவரும் கிடந்த இடம். 1110-ல் துறவிகள் ஊருக்குள்ளிருந்த மடத்தை அங்கே மாற்றியபோது எலும்புகளையும் கூடவே கொண்டுபோனார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில் மடம் போயிற்று. 1788-ல் சிறை கட்டத் தோண்டியபோது எலும்புகளும் சிதறின. அருங்காட்சியகப் பெட்டியில் கிடந்த ஓர் இடுப்பெலும்புத் துண்டு ஆல்ஃபிரடுடையதாகவோ எட்வர்டுடையதாகவோ இருக்கலாம் என்று உங்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான் 2014-ல் சொன்னார்கள். அப்பனா, மகனா? அது தீரவில்லை.

இன்னொன்று. இந்த ராஜா 883-ல் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமாவுக்கும் புனித பர்த்தலோமேயுவுக்கும் காணிக்கை அனுப்பினார் என்று அவர்கள் நாட்டு ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. சில பிரதிகளில் இந்தியாவுக்குப் பதில் யூதேயா என்று இருப்பதால் ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தோமா என்றதும் எனக்கு நம் சாந்தோம்தான் ஞாபகம் வந்தது. சரி, அது என் ஆசை. ஆனால் ஹைட் மடத்து வாசலுக்கு எதிரே இருக்கும் சின்னக் கோயில் யார் பெயரில் இருக்கிறது, கவனித்தாயா? பர்த்தலோமேயு!

குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ. பையன் என்ன சொன்னான் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அம்மா