தப்பு செய்தவளுக்குப் பிள்ளை கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் ஒரு விவாகரத்து நடக்கிறது. மனைவிக்கு வேறொருவரோடு பழக்கம் என்று தெரிந்ததிலிருந்து கோயில், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: "அப்படிப்பட்டவளிடம் பிள்ளையை விடுவார்களா?"

விடலாம் ஐயா. நம் தென்னாப்பிரிக்காவின் 1979ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி கள்ள உறவு, கல்யாணம் முறிந்துவிட்டது என்பதற்கு ஒரு சான்றாகலாம். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற கேள்விக்கோ, அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவும் 2005ஆம் ஆண்டு சிறுவர் சட்டமும் பிள்ளையின் நலனைத்தான் முதலில் பார்க்கச் சொல்கின்றன. காய்ச்சல் வந்தால் ராத்திரி விழித்திருப்பது யார், பள்ளிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது யார், பிள்ளை யாரோடு ஒட்டுதல் என்பதெல்லாம்தான் அங்கே பேச்சு. அந்தப் புது ஆள் குடித்துவிட்டுப் பிள்ளையை அடிக்கிறான் என்றால் அது வேறு கதை, அப்போது அந்த உறவும் கணக்கில் வரும்.

2015இல் அரசியல் சாசன நீதிமன்றம், மனைவியோடு பழகியவனிடம் நஷ்டஈடு கேட்கும் பழைய உரிமையையே எடுத்துவிட்டது. ஆண் தப்பு செய்தபோது "அவனிடம் பிள்ளையைக் காட்டாதே" என்று இந்தத் தெருவில் ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. சரி, அதை விடுங்கள். பாட்டி தினமும் அந்தச் சின்னப் பையன் எதிரிலேயே அவன் அம்மாவைத் திட்டுகிறார், அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறான்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்