மழைக்கு முன் மொட்டையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கால முன்னெச்சரிக்கை பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் நிற்கும் பெரிய மரங்களின் கிளைகளை ஐப்பசிக்கு முன்பே மொத்தமாக வெட்டிவிடுவது நல்லது என்று ஒரு வரி இருந்தது. மற்ற யோசனைகள் எல்லாம் சரி. இந்த ஒரு வரியைச் செய்து பார்த்துப் பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வேம்பு, 1979-இல் வீடு கட்டியபோது அப்பா கிணற்றடியில் வைத்தது. இன்று ஒருவர் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் எட்டாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று அது அசையாமல் நின்றது. இரண்டு வீடு தள்ளி, அதே வயதுள்ள வேம்பு வேரோடு சாய்ந்தது. குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை மாதிரி வெளிநாட்டு மரங்கள்தான் விழுந்தன, நாட்டு மரங்கள் தாங்கிக்கொண்டன என்று அப்போது ஊரே பேசியது. அதில் பாதிதான் உண்மை. மறுநாள் காலை அந்த வேம்பு சாய்ந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். தெருப்பக்கத்து வேர்கள் எல்லாம் கரும்பு நறுக்கியது போல ஒரே வரிசையாக வெட்டுப்பட்டு, வெட்டுவாய் கறுத்துக் கிடந்தன. சில வருடம் முன்பு சுற்றுச்சுவருக்குக் கடைக்கால் தோண்டியபோது போட்ட வெட்டு. ஒரு பக்கம் பிடிமானமே இல்லாத மரம் காற்றுக்கு எப்படி நிற்கும்?

அதைப் பார்த்த நான் என் மரத்தின் வேரைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பயத்தில் தலையைப் பார்த்தேன். அடுத்த புரட்டாசியில் ஆளைக் கூப்பிட்டேன். "சார், மொத்தமா எறக்கிடறேன், அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். அரை நாளில் மரம் விளக்குக் கம்பமாகிவிட்டது. வெட்டிய நுனி ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு போத்து, அதாவது புதுக்கிளை, துடைப்பம் போலக் கிளம்பியது. மரம் பிழைத்துவிட்டது என்று எங்களுக்குச் சந்தோஷம். மூன்றாவது கோடையில் ஒரு சாயங்காலம், புயலும் இல்லை மழையும் இல்லை, சும்மா அடித்த காற்றுக்குக் கை கனம் இருந்த போத்து ஒன்று பிய்ந்து ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஸ்கூட்டர் போனது போகட்டும். பிய்ந்த இடத்தைப் பார்த்தால், போத்து மரத்தோடு ஒட்டியிருந்தது ஓரத்துப் பட்டையில் மட்டும்தான். உள்ளே கட்டை காபிப்பொடி நிறத்தில் உளுத்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது.

தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் மச்சினர் வந்து பார்த்தார். இலைதான் மரத்துக்குச் சமையல்கட்டு, அதை ஒரே நாளில் பிடுங்கிவிட்டால், சேர்த்து வைத்ததையெல்லாம் செலவழித்து அவசர அவசரமாகப் போத்து விடும் என்றார். அந்தப் போத்துகள் மேலோட்டமாகக் கிளம்புவதால் பழைய கிளை போல மரத்துக்குள் ஊன்றி வளர்ந்தவை அல்ல. நடுக்கிளையில் போட்ட பெரிய வெட்டு எளிதில் மூடாது, அழுகல் உள்ளே இறங்கும். ஆக, புயலுக்குப் பயந்து மொட்டையடித்த மரம் நாலைந்து வருடத்தில் முன்னைவிட ஆபத்தாகிவிடுகிறது.

கழிக்க வேண்டிய கிளையை எப்படிக் கழிப்பது என்றும் காட்டினார். கிளை பிறக்கும் இடத்தில் கழுத்துப்பட்டி போல ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடக்கூடாது, அதற்கு வெளியே நீளமாகக் குச்சியும் விடக்கூடாது. முதலில் ஓரடி தள்ளி அடியிலிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, கடைசியில் மீதிக் குச்சியைத் தடிப்பை ஒட்டி எடுக்க வேண்டும். அடிவெட்டு இல்லாமல் மேலிருந்தே அறுத்தால் கிளை தொங்கும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு வரும். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, கூரைமேல் சாய்வது, இவற்றை எடுத்தால் போதும். ஒரு தடவையில் கால் பங்கு இலைக்கு மேல் போகக்கூடாது. மின்கம்பிப் பக்கம் போகிற கிளை என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

மரம் ஏறுகிறவர்களையும் குறை சொல்வதற்கில்லை. மொட்டையடிக்க அரை நாள் கூலி. பார்த்துப் பார்த்துக் கழிக்க இரண்டு நாளாகும். அந்தக் கூலிக்குப் பேரம் பேசுகிறவர்கள் நாம்தான்.

அடிமரம் வரை சிமெண்ட் போட்டிருந்தோம். அதைச் சுற்றி நாலடிக்கு உடைத்து எடுத்தேன். தண்ணீர் இழுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்தான் ஓடுகின்றன, அவற்றுக்குக் காற்றும் வேண்டும். இப்போது உதிரும் சருகை அங்கேயே பரப்புகிறோம், அடிமரத்தை முட்டும்படி மட்டும் குவிப்பதில்லை. கோடையில் கிளை நிழல் முடியும் ஓரத்தில் தண்ணீர் விடுகிறோம். (அடிமரத்தில் குடம் கவிழ்ப்பது மாரியம்மனுக்குச் சேரும், மரத்துக்குச் சேராது.) மழைக்கு முன் நான் இப்போது பார்ப்பதெல்லாம் கீழேதான்: அடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா, மாமரமாக இருந்தால் தண்டைச் சுற்றி மரத்தூள் உதிர்ந்திருக்கிறதா என்று. இப்படி எதையாவது கண்டால் தெரிந்தவரை அழைத்துக் காட்டுவேன், அவர் எடுக்கச் சொன்னால் மரத்தையே எடுத்துவிடுவேன். அதில் எனக்கு அழுகை கிடையாது.

இன்னொன்று. சில வருடங்களாக மார்கழி, தை வாக்கில் வேப்பமரங்கள் நுனியிலிருந்து தீப்பட்டது போலக் கருகுகின்றன. தேயிலைக் கொசு என்கிற, சாறு உறிஞ்சும் பூச்சியும் அதன் பின்னால் வரும் பூஞ்சையும் செய்கிற வேலை. பட்டுப்போய்விட்டது என்று எங்கள் தெருவில் ஒருவர் தை மாதமே மரத்தை வெட்டிவிட்டார். எங்களுடையதும் அதே மாதிரிதான் கருகியது, பங்குனியில் தளிர்த்துவிட்டது.

ஐப்பசி பிறக்க மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை - 61