எங்க செவலைக்காக ஓடி வந்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க பூனை செவலை பொழச்சுகிச்சு. நேத்து சாயங்காலம் தானாவே மாடிப்படி ஏறி அதோட பழைய எடத்துல போய் சுருண்டு படுத்துகிச்சு, அத பாத்த கையோட இத டைப் பண்றேன். நேர்ல சொல்லலாம்னா வாய தொறந்தாலே அழுக வந்துடுது.

அதுக்கு பதினாலு வயசு. சத்துவாச்சாரிக்கு நாங்க குடி வந்த வருஷம் கெடச்ச குட்டி. இந்த சித்திரை வெயில்ல சாப்பாடு கொறஞ்சு போச்சு, மணல் டப்பால போய் முக்கி முக்கி உக்காரும், கொஞ்சமா தண்ணி மாதிரி ஒழுகும், அப்புறம் வாந்தி எடுக்கும். நான் பேதின்னே நெனச்சுட்டேன். மொதல்ல காட்டுன எடத்துலயும் வயித்த தொட்டு கூட பாக்காம பேதி நிக்க மருந்து குடுத்து, வயசாயிடுச்சும்மா இனிமே இப்படித்தான்னு அனுப்பிட்டாங்க.

கீழ்வீட்டு அக்கா, மறுநா காலைல நீங்க வந்து வயித்த தடவி பாத்துட்டு "இன்னாமே இது, உள்ள கல்லு கல்லா கீது, பேதி இல்ல, கட்டிகினு கீது"ன்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தை தான் அத காப்பாத்துச்சு. மலம் இறுகி அடைச்சுகிட்டா அதோட ஓரமா தண்ணி மட்டும் கசியும்னு எனக்கு சத்தியமா தெரியாது.

ஆட்டோ அண்ணே, அந்த வெயில்ல கூடை மேல ஈரத்துண்டு போட்டு, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் நிறுத்தி நிறுத்தி காட்பாடி வரைக்கும் ஓட்டுனீங்க, ரெண்டு மணி நேரம் வெளிய நின்னீங்க, வெயிட்டிங் காசு வாங்கவே மாட்டேன்னுட்டீங்க.

டாக்டர் மேடம், எக்ஸ்ரேவ வெளிச்சத்துல புடிச்சு எனக்கு விரல் வெச்சு காட்டுனீங்க. வயசான பூனைக்கு கிட்னி தளர்ந்தா ஒண்ணுக்கு நெறைய போகும், ஒடம்புல தண்ணி வத்தும், அந்த தண்ணிய குடல்ல இருந்து இழுக்கும், அதான் இறுகுதுன்னு நிதானமா சொன்னீங்க. தோலுக்கு அடியில சலைன் ஏத்தி, மயக்கம் குடுத்து எனிமா வெச்சு எடுத்தீங்க. மனுஷங்களுக்கு மெடிக்கல்ல விக்கிற பாஸ்பேட் எனிமாவ வீட்ல வெச்சுடாதீங்க, பூனை உயிருக்கே ஆபத்துன்னு நீங்க சொன்னப்போ எனக்கு பகீர்னுச்சு, ஏன்னா மொத நாள் நான் அத தான் வாங்கலாமான்னு யோசிச்சேன். கடுவன் பூனை முக்குனா மூத்திரம் அடைச்சிருக்கான்னும் உடனே பாக்கணும், அதுல நேரம் கடத்தவே கூடாதுன்னு சொன்னதையும் இங்க எழுதிடறேன், பூனை வெச்சிருக்கவங்க யாருக்காவது உதவும்.

மெடிக்கல் கடை தம்பி, ராத்திரி ஷட்டர் பாதி எறக்கிட்டு இருந்தவர் டாக்டர் சீட்ட பாத்துட்டு திரும்ப தொறந்து மலத்த இளக்குற லாக்டுலோஸ் சிரப் குடுத்தீங்க, ஊசி இல்லாத சிரிஞ்ச வாயோட ஓரத்துல வெச்சு சொட்டு சொட்டா விடணும்னு உங்க கன்னத்துலயே வெச்சு காட்டுனீங்க. மீன்கார அம்மா, தெனமும் முள்ளு இல்லாத துண்டா தனியா எடுத்து வெக்கிறீங்க. அத உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாம வேக வெச்சு அந்த தண்ணியோடவே ஊத்துறேன், நக்கி நக்கி குடிக்குது. தச்சு வேலை அண்ணே, மணல் டப்பாவோட ஒரு பக்கத்த தாழ்வா அறுத்து ஓரத்த தேய்ச்சு குடுத்தீங்க, மூட்டு வலிக்குற பூனைக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு இப்ப தான் புரியுது.

அப்புறம் எங்க அத்தை. இத்தன வருஷமா பூனைய சமையக்கட்டுக்குள்ள விடாதவங்க, பரங்கிக்காய வேக வெச்சு மசிச்சு ஒரு ஸ்பூன் எடுத்து விரல்லயே ஊட்டுனாங்க. நாலாம் நாள் விடியக்காலைல "ஏய் போயிடுச்சுடி, நல்லா போயிடுச்சு!"ன்னு என்னை எழுப்புனதும் அவங்க தான்.

சிரப் இன்னமும் தெனம் குடுக்கணும், அடுத்த மாசம் ரத்தம் டெஸ்ட் இருக்கு. எடை மூணு கிலோவுக்கு வந்திருக்கு. அக்கா, உங்க கூடையும் துண்டும் எங்கிட்ட தான் இருக்கு, தொவச்சு காய வெச்சுட்டேன், ஞாயித்துக்கிழமை கொண்டாந்து தர்றேன்.