பாம்பன் கால்வாய்ப் பகுதியில் கடலடி ஆழத்தை அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்கள்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: பாம்பன் கால்வாயின் இருபுறமும் சோனார் கருவியாலும் செயற்கைக்கோள் படத்தாலும் ஆழம் அளந்து வரைபடம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நாங்கள் போய்வரும் வழி பாம்பன் கால்வாய். ஒவ்வொரு வாடைக்காலமும் அங்கே மணலை இடம் மாற்றிவிட்டுப் போகிறது. கடந்த தை மாதம், இரண்டு பாகம் (சுமார் 12 அடி) தண்ணீர் இருக்கும் என்று நம்பி விடியுமுன் வந்த, இம்மனுவை எழுதும் என் வள்ளம் மணலில் ஏறியது. இறங்கிப் பார்த்தால் இடுப்பளவுத் தண்ணீர். புரொப்பல்லர் வளைந்து, நீர் ஏறும்வரை நான்கு பேரும் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிடித்த மீன் வெயிலில் கெட்டது. என் தந்தை ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆழம் பார்த்தார். இன்றும் எங்களுக்கு அதே கயிறுதான்.

ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். அது அடிமண்ணில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு சோனார் ஆழத்தைச் சொல்லிவிடும். ஆனால் படகு ஓடிய தடத்தின்கீழ் மட்டுமே அது அளக்கும். மணல் திட்டின்மேல் படகே ஏறாது. அந்த இடைவெளியைச் செயற்கைக்கோள் நிரப்பும். 10 மீட்டர் நுணுக்கமுள்ள, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தெளிந்த நீரில் நீல, பச்சை ஒளி மங்கும் அளவிலிருந்து ஆழத்தைக் கணக்கிடலாம். படத்தை மட்டும் நம்பினால் கடல்தாழை (கடற்புல்) படர்ந்த தரையும் கறுப்பாகத் தெரிந்து ஆழம்போல ஏமாற்றும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறோம்.

2024-இல் இஸ்ரோ விஞ்ஞானிகள் நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர் அளவுகளைக் கொண்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார்வரை 29 கிலோமீட்டர் நீளும் திட்டுத்தொடரின் கடலடியை வரைந்து வெளியிட்டார்கள். அங்கே முடிந்தது, அன்றாடம் படகு ஓடும் பாம்பனிலும் முடியும்.

ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் சேறு அதிகம் கலங்காது. தென்காற்று வலுக்குமுன், தடைக்காலத்தின் முதல் நாட்களிலேயே அளவெடுப்பது நல்லது. தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அமைப்பின் உதவியைப் பெற்று ஆண்டுதோறும் இதைச் செய்யவும், மீட்டரிலும் பாகத்திலும் குறித்த தமிழ் வரைபடத்தை மீன் இறங்குதளங்களில் ஒட்டவும் ஆணையிட வேண்டுகிறோம். தாழை எங்கே, பார் (கடலடிப் பாறை) எங்கே என்று காட்ட எங்கள் வள்ளங்களோடு நாங்களே வருகிறோம்.

இடம்: பாம்பன்

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர்கள்